பிறர் செவியும் பேச்சாங்கிலமும்

பிறமொழி ஒன்றைக் கற்பான் ஒருவன் தான் எழுதியதிலுள்ள பிழையைச் சில நாள் கழித்துத் தானே காணுதல் கூடும். எழுத்து அவன் கண்முன்னே கிடக்கின்றது. இலக்கண நூலும் அகராதியும் பக்கத்தில் இருக்கின்றன. பேச்சின் நிலை அத்தகையதன்று. வாயினின்று பிறந்த சொல் அக்கணமே காற்றொடு கலந்து மறைகின்றது. மறையாது நிற்பினும், அதிலுள்ள பிழையை அறியவேண்டிய செவி, அப்பிழையைச் செய்த நாவோடு ஒரே மொழியிற் பழகி வளர்ந்த செவியேயாகும். பத்தாண்டு ஆங்கிலம் படித்துத் தேர்விற் சிறந்த சித்தி பெற்ற மாணாக்கர் பலர், கந்தோர் ஒன்றின் நேர்முகப் பரீட்சையில் ஐந்து நிமிடம் உரையாட இடர்ப்படுவதற்குக் காரணம் இலக்கண அறிவின் குறை மட்டுமன்று. தம் பேச்சைக் கேட்டு, கேட்டதைக் கேட்டவாறே எடுத்துரைக்கும் ஒருவரை அவர் பத்தாண்டிலும் பெற்றிலர் என்பதே பெருங்காரணமாகும்.

உருசிய நாட்டு மொழியியலறிஞராகிய துருபெட்ஸ்கோய் என்பாரின் நூலொன்று, அவர் மறைந்தபின் 1939 இல் வெளிவந்தது. அதில் அவர் ஒரு மொழியின் ஒலியமைப்பை அரிதட்டு ஒன்றுக்கு ஒப்பிட்டார். பிறமொழியொலிகள் கேட்போனுடைய தாய்மொழி அரிதட்டினூடாகவே உள்ளே புகுகின்றன. தாய்மொழிக்கு வேண்டிய வேறுபாடுகள் உட்செல்லும். வேண்டாதன வெளியே தங்கிவிடும். தங்கிவிட்டது இன்னது என்பதைக் கேட்போன் அறியான்.

தமிழ் அரிதட்டு எத்தகையது என்பதற்குப் 'பாம்பு' என்னும் ஒரு சொல்லே போதும். அதன் முதலிலுள்ள பகரம் பிறக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. மகரத்தின்பின் வரும் பகரம் பிறக்கும்போது அவை அதிர்கின்றன. ஒலியால் இவை இரண்டு, எழுத்தால் ஒன்று. சொல்லில் நிற்கும் இடமே ஒலியை நிருணயிப்பதால், தமிழர்க்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவை எழவில்லை. ஆங்கிலத்திலோ இரண்டும் ஒரே இடத்தில் நின்று பொருளை வேறுபடுத்துவன. ஊதியத்தைக் குறிக்கும் சொல்லையும் குடாக்கடலைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பே' என்றே அமையும். மேலங்கியும் 'கோட்', ஆடும் 'கோட்'. முந்திரிகைக் கொடியும் 'வைன்', அதன் கனியினின்று வடிக்கப்படும் மதுவும் 'வைன்'. முன்னையதற்கு மேற்பல் கீழிதழிற் பொருந்தவேண்டும். பின்னையதற்கு இரண்டு இதழும் குவியவேண்டும். தமிழ் வகரத்தைப் பழகிய நா இவ்விரண்டிற்கும் இடையே ஓரிடத்தில் அமைதி பெற்றுவிடுகின்றது. மண்டபத்தை நாம் 'ஹோல்' என்கின்றோம். துளையையும் அவ்வாறே சொல்லிவிடுகின்றோம்.

சொல்லின் ஈற்றிலும் இதுவே நிகழ்கின்றது. வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நில்லாது. ஆதலின் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் அது வருமிடத்து, நா தானறியாமலே ஓர் உகரத்தைச் சேர்த்துப் 'புக்கு' என முடிக்கின்றது. மெய்யிரண்டு சொல்லின் முதலில் இணைந்து வருதலும் தமிழ் மரபன்று; ஆகவே 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகின்றது. அசையழுத்தம் இவற்றினும் நுட்பமானது. பதிவு என்னும் பெயரையும் பதிதல் என்னும் வினையையும் ஆங்கிலர் ஒரே எழுத்துக்கூட்டலால் எழுதுவர். பெயரில் முதலசையும் வினையில் இரண்டாமசையும் அழுத்தம் பெறும். எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே நிறையிற் சொல்லிப் பழகிய தமிழர்க்கு, இஃது ஒரு வேறுபாடெனத் தோன்றுவதே அருமை.

அரிதட்டு எப்பொழுதும் தீங்கே செய்யுமெனக் கொள்ளலும் தவறு. 'காற்று', 'பற்று' என்னுஞ் சொற்களில் வரும் றகரத்தை யாழ்ப்பாணத்தார் நுனிநா அண்பல்லை அண்மிப் பொருந்தப் பழைய முறையில் ஒலிக்கின்றனர். ஆங்கிலத்தின் அவ்வினத்து வல்லொலி ஏறத்தாழ அவ்விடத்திலேயே பிறப்பது. இதனாலேயே இந்நாட்டுத் தமிழர் 'ரிக்கற்' எனவும் 'மாக்கற்' எனவும் எழுதுகின்றனர். தமிழகத்தார் டகரத்தைக் கையாளுகின்றனர். இவ்வெழுத்து வழக்கைக் கண்டு நகைப்பார், நகைக்குமுன் தம் நாவை ஒருமுறை சோதித்தல் நன்று. ஒலிகளின் பிறப்பிடத்தை நுணுகி ஆராயும் பழக்கம் தமிழர்க்குப் புதியதுமன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் முழுவதும் அதனையே பேசுகின்றது.

தனியே இருந்து உரத்து வாசித்தாற் போதும் என்பார் உளர். நாத்தடை நீங்குதற்கு அது பயன்படும் என்பது உண்மை. ஆயின் அரிதட்டிற் படாத பிழையை ஒருவன் நூறுமுறை தனியே பயின்றால், அப்பிழை நூறுமுறை உறுதிப்படும். கற்போர் மொழி ஒரு நிலையில் வளர்ச்சியின்றி இறுகிப்போதலை 1972 இல் செலிங்கர் என்னும் அறிஞர் புதைபடிவம் ஆதலுக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டார். 1983 இல் றிச்சட் சிமித் என்பார் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த உதாரணமாகும். வெஸ் எனப் புனைபெயரிடப்பட்ட ஜப்பானிய ஓவியர் ஒருவர் ஹவாயில் ஆங்கிலம் பேசுவாரிடையே வாழ்ந்தார், நண்பர் பலரைப் பெற்றார், கூச்சமின்றி உரையாடினார். மூன்றாண்டு அவரை நோக்கிய ஆய்வாளர், அவரது உரையாடற்றிறன் வளர்ந்ததையும், இலக்கணம் பெரும்பாலும் தொடங்கிய இடத்திலேயே நின்றதையும் கண்டார். அவர் கருத்து மற்றையோர்க்கு விளங்கிற்று; விளங்கிய இடத்தில் இடைமறித்துத் திருத்துவார் யார்? பழகிய நண்பரின் கனிவும் சிலவேளை கல்விக்குத் தடையாகும் போலும்.

இனி, அப்பிறர் யாவர் என்பதை நோக்கவேண்டும். ஆசிரியர் ஒருவரே என எண்ணுதல் வழக்கம். பவணந்தி முனிவர் அவ்வாறு கருதவில்லை. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே எனவும், உடன்கற்பாரொடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு வரும் எனவும், தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிறையும் எனவும் நன்னூற் பொதுப்பாயிரம் கணக்கிடுகின்றது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளையை ஆசிரியர் வாய் திறவாது பங்கிட்டாலும் ஒருவர்க்கு ஒரு நிமிடமே கிடைக்கும். ஆகவே பேச்சுப் பயிற்சியின் பெரும்பகுதி உடன்கற்பாரிடமே நடைபெறுதல் வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுகின்றது. உடன்கற்பாரும் அதே அரிதட்டை உடையவரன்றோ? ஒரு தமிழ் மாணாக்கன் 'மழைக்காகக் கோட் அணிந்தேன்' என்னும் பொருளில் ஆங்கிலத்திற் கூறினால், மற்றவன் ஆட்டை நினையான். பொருளைக் கொண்டு சொல்லை உய்த்துணர்வான். இவ்வுய்த்துணர்வை நீக்கினாலன்றி உண்மை வெளிப்படாது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இணைச்சொற்கள் சிலவற்றை ஒருவன் தன் விருப்பப்படி மாற்றி மாற்றி வாசிக்க, அவன் தாளைப் பாராத மற்றவன் தான் கேட்டதைக் கொப்பியில் எழுதவேண்டும். முடிவில் இரண்டையும் ஒப்புநோக்கவேண்டும். இருபதிற் பத்துப் பொருந்தினால், அது நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். சொன்னவன் வேறுபடுத்தவில்லை, அல்லது கேட்டவன் வேறுபாட்டை உணரவில்லை என்பது தெளிவு. எவன் குறை என்பதைத் துணிவதற்கு, ஆங்கில ஒலிப்பதிவு ஒன்றை இருவரும் கேட்டு எழுதிப் பார்க்கலாம். செவி வளர்ச்சியடையாது என்னும் எண்ணமும் ஆதாரமற்றது. ரகர லகர வேறுபாட்டை ஆங்கிலத்தில் உணரமாட்டாத ஜப்பானியர், பலர் குரலிற் பதிந்த சொற்களைக் கேட்டு, ஒவ்வொரு விடையும் சரியோ பிழையோ என உடனுக்குடன் அறிவிக்கப்பெற்றுச் சில வாரம் பயின்றபின், அதனை முன்னினும் நன்கு உணர்ந்தமையை 1991 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஒரே குரலைக் கேட்டுப் பழகுதலினும் பல குரலைக் கேட்டுப் பழகுதல் பயன் மிக்கது.

திருத்தும் முறையிலும் தேர்ச்சி வேண்டும். நேற்றுப் போனதைக் கூறுமிடத்து ஒருவன் 'கோ' என்கின்றான் எனக் கொள்வோம். கேட்பவர் 'ஓ, வென்ற்' என அச்சொல்லைத் திருத்திச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்கின்றார். பேசியவன் அதனை உடன்பாட்டின் அறிகுறியாகக் கொண்டு தலையசைத்து அப்பாற் செல்கின்றான். கனடாவிற் பிரெஞ்சு மொழியிற் பாடங் கற்ற நான்கு வகுப்புகளை ஆராய்ந்து லைஸ்ரர், ராந்தா என்னும் இருவர் 1997 இல் வெளியிட்ட கட்டுரை இதனை எண்ணிக்கையால் நிறுவுகின்றது. ஆசிரியர் செய்த திருத்தங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறு மீளச்சொல்லும் முறையின. அவற்றுள் மாணாக்கர் கவனித்து மறுமொழி காட்டியவை மூன்றிலொரு பங்கினுங் குறைந்தவை. 'எப்பொழுது?' என ஒரு வினாவை எழுப்பித் தன் சொல்லைத் தானே தேடவைத்த முறைகளுக்கே மாணாக்கர் மிகுதியும் செவிசாய்த்தனர். தேடிக் கண்ட சொல் நாவில் நிற்கும். கொடுக்கப்பட்ட சொல் செவியோடு போகும்.

இவையெல்லாம் முறை பற்றியன. இலங்கையில் இவற்றிற்கு முன்னே நிற்கும் இடையூறு நகைப்பாகும். ஆங்கிலத்தை இந்நாட்டுச் சிங்கள மாணாக்கர் 'கடுவ' எனக் குறித்தனர். அச்சொற்குப் பொருள் வாள் என்பது. அறிவுக் கருவியாக வேண்டிய மொழி, வெட்டும் படைக்கலமாக உணரப்பட்டமைக்கு அப்பெயரே சான்று. 'ஹோல்' என்னுமிடத்துக் கூறிய ஓகார வேறுபாட்டை அறியாது பேசுவாரை 'நொட்-பொட்' என எள்ளும் வழக்கமும் இருந்துவந்தது. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவி 1855 வரை நடத்திய செமினரியில் மாணாக்கர் தங்கியிருந்தே கற்றனர். ஆசிரியருள் அமெரிக்கரும் இருந்தனர். பிழைத்தலும் திருந்தலும் அவர்க்கு அன்றாட நிகழ்ச்சி. 1945 இல் இலவசக் கல்வி வந்து, தாய்மொழியே படிப்படியாகப் போதனாமொழியானபின் பல்லாயிரவர்க்குக் கல்விக் கதவு திறந்தது. அது பெரும் நன்மை. ஆயின் ஆங்கிலம் வகுப்பறைப் பாடம் ஒன்றாகச் சுருங்கிற்று. பேசிப் பிழைக்கும் இடம் இல்லாதொழிந்தது. பிழைத்தற்கு இடமில்லாதவன் மௌனத்தையே தெரிந்துகொள்வான். ஒருமுறை வகுப்பில் நகைக்கப்பட்ட மாணாக்கன் அடுத்த ஐந்தாண்டு வாய் திறவாமை ஆசிரியர் பலர் அறிந்ததே. பிழையினும் அந்நகைப்பே மொழிக்குப் பெருங்கேடு செய்தது எனத் துணிந்து கூறலாம்.

எதைத் திருத்துவது, எதை விடுவது என்னும் தெளிவு நகைப்பை ஓரளவு அகற்றும். இலண்டன் நகரத்தார்போல ஒலித்தல் எவர்க்கும் கடனன்று. இலங்கையாங்கிலம் தனக்கெனச் சொல்லும் ஓசையும் உடையது. மைக்கல் மெய்லர் 2007 இல் அதற்கென ஓர் அகராதியே வெளியிட்டார். கேட்போர்க்குப் பொருள் மயங்குமாயின் அது திருத்தத்தக்கது. மயங்காதாயின் அது பேசுவோனது ஊர் அடையாளம். ஆட்டையும் மேலங்கியையும் மயங்கவைப்பது முதல்வகை. றகரத்தைச் சற்று அழுத்திச் சொல்வது இரண்டாம் வகை.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உளது. றல்ஃப் ஸ்மெட்லி என்பார் 1924 இல் கலிபோர்னியாவிலுள்ள சான்ரா அனா நகரிற் தொடங்கிய ரோஸ்ட்மாஸ்ரர்ஸ் கழகம், ஆங்கிலங் கற்போர்க்கென எழுந்ததன்று. மேடைப் பேச்சைப் பயில்வார்க்கென எழுந்தது. இன்று இலங்கையிலும் அதன் கிளைகள் பல. ஆங்கே ஒருவர் பேசினால், அவரை மதிப்பிடுதற்கென்றே முன்னர் நியமிக்கப்பட்ட மற்றொருவர் எழுந்து நிறைகுறை கூறுவார். 'ஆ', 'ம்' என்னும் வீணொலிகளை எண்ணுவதற்கும் ஒருவர் உளர். அடுத்த கூட்டத்தில் மதிப்பிட்டவர் பேசுவார், பேசியவர் மதிப்பிடுவார். குறை கூறுதல் அங்கே ஒரு பதவியாகிவிடுகின்றது. பதவியினின்று கூறப்படுவது இகழ்ச்சியாகத் தோன்றுவதில்லை. ஒலி நுட்பங்களை அக்கழகங்கள் பெரிதும் ஆராய்வதில்லை என்பது உண்மையே. அம்முறையைக் கடன்கொண்டு நால்வர் ஐவர் கூடி, இவ்வாரம் ஈற்றுகரம், அடுத்த வாரம் வகரம் எனப் பொருளை முன்னரே வரையறுத்துக்கொள்ளலாம். பேச்சு முடியும்வரை இடைமறியாது, முடிந்தபின் இரண்டு குறையை மட்டும் கூறுதல் போதும். பத்துக் குறையைக் கேட்டவன் மறுவாரம் வாரான்.

கைத்தொலைபேசியும் இன்று ஒருவகைச் செவியே. பேசியதை எழுத்தாக்கும் வசதி அதில் உண்டு; 'பே' எனச் சொல்லி அது எச்சொல்லை எழுதுகின்றது எனப் பார்க்கலாம். அஃது எவரையும் நகைப்பதில்லை. ஆனால் நா எங்கே தவறிற்று என்பதையும் சொல்வதில்லை. அதனினும் பயன்மிக்கது அதன் ஒலிப்பதிவே. தன் குரலை ஒருவன் கேட்கும்போது மண்டையெலும்பின் வழியாகவும் ஒலி செவியை அடைகின்றது. பதிவிற் கேட்பது காற்றின் வழி வந்த ஒலி மட்டுமே. முதன்முறை கேட்பவன் 'இது என் குரலன்று' என மறுப்பது அதனாலேயே. இத்தகைய குழுவினர் முதல்நாட் பேச்சைப் பதிந்து வைத்து, மூன்று மாதம் கழித்துப் போட்டுக் கேட்டல் நன்று. அப்பொழுது பேசியவனே ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் ஒட்டியிருந்த உகரத்தைக் கேட்டு வியப்பான். அன்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என வினவுவான். மற்றையோர் முதல்வாரக் கொப்பியை எடுத்து, அன்றே சொல்லி எழுதிவைத்த வரியை அவனுக்குக் காட்டுவர்.