கல்வராயன் மலையில் மரங்களின் பருவங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் மாசி மாதத்தில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கோமுகி அணையைக் கடந்து மலை ஏறத் தொடங்கியதும், சாலையின் இருபுறமும் காடு பட்டுப்போய்விட்டதோ என்று ஐயம் தோன்றும். மரங்கள் வெறும் கிளைகளோடு நிற்கும். காலடியில் சருகு குவிந்திருக்கும். அதே சாலையில் ஐப்பசியில் சென்றால் பச்சையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. இரண்டும் ஒரே காடுதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயனில் அடிவாரத்தில் முட்புதர்க் காடும், சரிவுகளில் இலையுதிர் காடும், உயரமான ஓடைப் பள்ளங்களில் ஆங்காங்கே பசுமைமாறாக் காடும் உள்ளன. நாம் இங்கே கவனிக்கப் போவது நடுவில் உள்ள இலையுதிர் காட்டை.

இங்கிலாந்திலும் மரங்கள் இலையுதிர்க்கின்றன. ஆனால் காரணம் வேறு. அங்கே குளிரும், பகற்பொழுதின் சுருக்கமும் மரத்தை உறங்கச் செய்கின்றன. நமக்குக் குளிர் ஒரு பொருட்டன்று, தண்ணீர்தான் கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண்ணின் ஈரம் நாளுக்கு நாள் குறைகிறது. இலையோ தன் துளைகள் வழியே நீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு குறையாவிட்டால் குடும்பம் தாங்காது. ஆகவே மரம் இலையிலுள்ள தழைச்சத்து போன்றவற்றில் ஒரு பகுதியைக் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் பிரியும் அடுக்கு ஒன்று உருவாகிறது. ஒரு சிறு காற்று போதும், இலை கழன்று விழும்.

இதுவரை எளிது. இனி வருவதுதான் வியப்பு. மண் மிகவும் வறண்டிருக்கும் அந்த நாட்களிலேயே முள்ளிலவு சிவப்பாகப் பூக்கிறது. புரசு தீப்பிடித்ததுபோல் மலர்கிறது. பங்குனி, சித்திரையில், மழைக்கு வெகுநாள் முன்பே, அரசும் புங்கமும் இலுப்பையும் புதுத்தளிர் விடுகின்றன. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இலைகளை உதிர்த்ததே இதற்கு விடை. நீராவிப்போக்கு நின்றதும், ஆழத்து வேர்கள் சிறிது சிறிதாக உறிஞ்சும் நீர் செலவாகாமல் அடிமரத்தில் சேர்கிறது. அந்தச் சேமிப்பைக் கொண்டு மொட்டு விரிகிறது. நாள் பார்த்துச் சொல்வது பகற்பொழுதின் நீளம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். இலண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 9 மணி நேரம். கள்ளக்குறிச்சியில் அது ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. நாம் உணராத இந்தச் சிறு மாற்றத்தை மரம் உணர்ந்துகொள்கிறது!

இலையில்லாத கிளையில் பூப்பதிலும் இலாபம் உண்டு. மறைக்க இலை இல்லாததால் தேனுண்ணும் பறவைகளுக்குப் பூ தொலைவிலிருந்தே தெரியும். மாசியில் பூத்த இலவின் காய் சித்திரை, வைகாசிக் காற்றில் வெடித்துப் பஞ்சோடு பறக்கும். விதை மண்ணில் விழுந்து காத்திருக்க, மழை வரும். சரக்கொன்றை வேறு வகை. அது பூக்கும்போதே சென்ற ஆண்டின் கரிய நீண்ட காய்கள் அருகில் தொங்குவதைக் காணலாம். அதன் காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது.

தளிர்கள் ஏன் செம்பு நிறம்? இளம் இலையில் பச்சையம் நிரம்புமுன் ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி மேலோங்கி நிற்கிறது. கடும் வெயிலிலிருந்து காக்க என்பர் சிலர். பூச்சிகளை விலக்க என்பர் வேறு சிலர். அரச மரத்தடியில் ஒரு வாரம் தொடர்ந்து நின்று பார்த்தால் செம்பு பச்சையாவதை நாமே காணலாம்.

இவற்றையெல்லாம் குறித்து வைப்பதற்கு ஏற்ற கருவி நிழற்படம். அக்கலையின் முன்னோடியான ஃபாக்ஸ் டால்பட் 1840-களிலேயே இலையற்ற ஓக் மரம் ஒன்றைக் குளிர்காலத்தில் படமெடுத்தார். இன்று கைப்பேசியே போதும். நாளையும் நேரத்தையும் அதுவே பதிந்துகொள்ளும். ஆனால் அழகான படம் வேறு, பயனுள்ள படம் வேறு. நமக்கு வேண்டியது ஒப்பிடக்கூடிய படம். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, நிற்கும் இடத்தில் கல் ஒன்றை நட்டு அடையாளம் வையுங்கள். வாரம் ஒருமுறை, அதே இடத்திலிருந்து, அதே காலை நேரத்தில், பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைத் தொடாமல் எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். முழுமரம் ஒன்று, கிளைநுனி ஒன்று, பூவோ காயோ இருந்தால் அதன் அருகே ஒன்று. பட்டையை மட்டும் சாய்ந்து விழும் வெயிலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் வெடிப்புகள் தெளிவாகத் தெரியும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால், பள்ளி வளாகத்துப் புங்கமோ சாலையோரப் புளியோ நல்ல தேர்வு.

நார்போக் மாவட்டத்தைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் 1736-இல் தம் நிலத்து மரங்கள் தளிர்விடும் நாட்களைக் குறிக்கத் தொடங்கினார். அவருடைய வழிவந்தோர் 1958 வரை அதைத் தொடர்ந்தனர். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழைய குறிப்புகளிலிருந்து கணக்கிட்டுள்ளனர். வசந்தம் முன்கூட்டி வருகிறது என்று அந்நாட்டினர் உறுதியோடு சொல்வதற்கு இத்தகைய ஏடுகளே சான்று.

நம்மிடம் என்ன இருக்கிறது? திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவர நிலையத்தில் கே.எம். மேத்யூ அடிகளார் கருநாடகப் பகுதித் தாவரங்களைத் திரட்டி, 1980-களில் பெருநூலாக வெளியிட்டார். உலர்தாவரத் தாள் ஒவ்வொன்றிலும் சேகரித்த நாளும் இடமும் இருக்கும். ஆனால் அது அந்த ஒரு நாளைத்தான் சொல்லும். அதே மரம் அடுத்த ஆண்டு எப்போது பூத்தது என்பதைச் சொல்லாது.

கல்வராயனில் இது வெறும் பொழுதுபோக்கன்று. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் கடுக்காய், புளி, தேன் ஆகியவற்றைத் திரட்டுகின்றனர். பூ வரும் வாரத்தில் கோடைமழை கொட்டினால் பிஞ்சு பிடிக்காது; பூ முந்திக்கொண்டால் தேனெடுக்கும் காலமும் மாறும். "முன்பெல்லாம் கொன்றை சித்திரையில்தான் பூக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதை மறுக்கவும் இயலவில்லை, மெய்ப்பிக்கவும் இயலவில்லை. ஏனெனில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஓராண்டு முந்திப் பூத்ததால் எதுவும் முடிவாகிவிடாது. பத்தாண்டுக் குறிப்பு வேண்டும்.

இதற்கு மலை ஒரு வசதியையும் தருகிறது. மேலே ஏற ஏற, 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 பாகை செல்சியசு வெப்பம் குறைகிறது. அடிவாரப் பள்ளி ஒன்றும் வெள்ளிமலைப் பள்ளி ஒன்றும் ஒரே வகை மரத்தைக் கவனித்து நாட்களை ஒப்பிட்டால், வெப்பத்திற்கும் பூப்பிற்கும் உள்ள தொடர்பு ஓரளவு தெரியவரும். மழையளவும் மண்ணும் இடத்துக்கிடம் மாறும் என்பதால் ஒரு மரம் போதாது, ஐந்தாறாவது வேண்டும். 2010-இல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தில், நாடெங்கும் மாணவர்கள் பொதுவான மரங்களை இப்படித்தான் வாரந்தோறும் பார்த்துப் பதிகிறார்கள். குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் போதும்: தளிர், முதிர்ந்த இலை, பூ, காய். ஒவ்வொன்றிலும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று எழுதலாம். 'இல்லை' என்பதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பூ இல்லாத கடைசி வாரம் தெரிந்தால்தான் பூத்த முதல் வாரம் எது என்று சொல்ல முடியும்.