படத்தொடரும் பைற்றோட்டமும்: கணனிகளிடையே ஓர் உடன்பாடு

ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்குப் படங்கள் தொடராக அனுப்பப்படும்போது, படம் படமாகவே செல்கின்றது என்று கருதுவது இயல்பு. ஆயின் வலையமைப்பு படத்தை அறியாது. எண்களின் வரிசையை மட்டுமே அறியும். அவ்வரிசை மறுமுனையில் மீண்டும் படமாவது எவ்வாறு என்பதை இங்கு நோக்குவோம்.

1983 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. என்னும் யுனிக்ஸ் வடிவத்துடன் ‘சொக்கற்’ எனப்படும் தொடர்பு முனை பரவலாயிற்று. கோப்பொன்றில் எழுதுவதும் வாசிப்பதும் போன்றே நிரலொன்று இம்முனையினூடாக அனுப்பவும் பெறவும் முடிந்தது. இவ்வெளிமையே ஒரு மயக்கத்துக்கும் இடமளிக்கின்றது. 1981 இல் நியமமாக வெளியிடப்பட்ட ரி.சி.பி. நெறிமுறை, பைற்றுகளை வரிசை பிறழாது சேர்ப்பிக்கும். ஆனால் ஒரு படம் எங்கு முடிந்து அடுத்தது எங்கு தொடங்குகின்றது என்பதைக் கூறாது. ஒருமுறை அனுப்பியது பல துண்டுகளாக வந்து சேரலாம். இருமுறை அனுப்பியது ஒன்றாகவும் வரலாம்.

640 × 480 புள்ளிகள் கொண்ட, சுருக்கப்படாத வண்ணப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புள்ளிக்கு மூன்று பைற்றுகளாக அதன் அளவு 9,21,600 பைற்றுகளாகும். ஈதர்நெற் வலையமைப்பின் பொதியொன்று வழக்கமாக 1,500 பைற்றுகளையே சுமப்பதால், ஒரு படம் அறுநூறுக்கும் மேற்பட்ட பொதிகளாகப் பிரிகின்றது. சுருக்கப்பட்ட படங்களாயின் ஒவ்வொன்றின் அளவும் வேறுபடும். ஆகவே ஒவ்வொரு படத்தின் முன்னும் அதன் நீளத்தை நான்கு பைற்று எண்ணாக அனுப்புதலும், அத்தொகை நிறையும்வரை பெறுநர் மீண்டும் மீண்டும் வாசித்தலும் வேண்டும்.

அந்நான்கு பைற்றுகளின் ஒழுங்கிலும் உடன்பாடு அவசியமாகும். பெரும்பகுதி முதலில் வருவது வலையமைப்பின் மரபு. பல கணனிகள் அவற்றைத் தலைகீழாகவே தம் நினைவகத்தில் வைக்கின்றன. மாற்றாது வாசித்தால் 9,21,600 என்பது 10,52,160 ஆகிவிடும். பெறுநர் அடுத்த படத்திற்குரிய 1,30,560 பைற்றுகளையும் விழுங்குவார். அதன்பின் வருவன யாவும் குலையும்.

இனி, முழுமையா காலமா என்னும் வினா எழுகின்றது. ஒரு பொதி தவறினால், அது மீள வரும்வரை ரி.சி.பி. பின்வந்தவற்றைத் தடுத்து வைக்கும். 1980 இல் வெளியான யூ.டி.பி. காத்திராது, தவறியது தவறியதே. மருத்துவர் ஆராயும் எக்ஸ்கதிர்ப் படத்தில் இழப்பை ஏற்க முடியாது. நேரடி உரையாடலிலோ, பிந்திவரும் முழுப்படத்தினும் உடன்வரும் குறைப்படமே பயன்தரும். இத்தேர்வைப் பொறி செய்வதில்லை. பயன்பாட்டை அறிந்த மனிதனே செய்தல் வேண்டும்.

இந்நெறிமுறைகள் எவரும் வாசித்துச் செயற்படுத்தக்கூடியனவாய் வெளிப்படையாக எழுதப்பட்டவை. வேறுவேறு நிறுவனங்களின் கணனிகள் ஒன்றோடொன்று உரையாடுவது இதனாலேயே. படத்தைப் படமாகச் சேர்ப்பிப்பது கம்பியின் ஆற்றல் மட்டுமன்று. பொதுவுடைமையான ஓர் உடன்பாடுமாகும் எனலாம்.