சுடுமல்லியும் மண்வாழ் நுண்ணுயிர்களும்

சோளக் கொல்லையில் சிற்சில இடங்களில் பயிர் குன்றி, ஈரமிருந்தும் வாடி நிற்பதைக் காண்கிறோம். சில வாரங்கள் சென்றபின் அங்கே சிறு வெண்பூக்களுடன் சுடுமல்லி தலைகாட்டுகிறது. களை முளைத்தபின்னரே பயிர் கெட்டது என எண்ணுதல் இயல்பு. உண்மையில், வெளியே தெரியுமுன்பே அது மண்ணுக்குள் சோளத்தின் வேரைப் பற்றி உணவையும் நீரையும் உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது.

ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தூசி போன்ற அவ்விதைகள் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிருடன் கிடக்க வல்லவை. சோள வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளை உணர்ந்தபின்பே அவை முளைக்கின்றன. பின்னர், வேரிலிருந்து வரும் வேறு சில பொருள்களைக் குறியாகக் கொண்டு உறிஞ்சும் உறுப்பை உண்டாக்கி உள்ளே நுழைகின்றன. மணிச்சத்துக் குறைந்த நிலத்தில், நன்மை செய்யும் வேர் உட்பூசணத்தைத் துணைக்கு அழைக்கவே வேர் ஸ்ட்ரைகோலாக்டோனை மிகுதியாக வெளியிடுகிறது. விருந்தினரை அழைத்த குரல் கேட்டுக் கள்வனும் வந்து சேருகிறான்!

ஆப்பிரிக்காவில் இக்களையின் மற்றோர் இனம் சோளத்துக்குப் பெருங்கேடு விளைக்கிறது. அதுபற்றி 2024ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று நம் கவனத்துக்குரியது. நுண்ணுயிர்களை நீக்கிய மண்ணைவிட, அவை வாழும் மண்ணில் வளர்ந்த சோளத்தில் களையின் தாக்குதல் குறைந்திருந்தது. மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள், உறிஞ்சும் உறுப்பு உண்டாவதற்கான குறிப்பொருள்களைச் சிதைத்துவிடுகின்றன. களை முளைத்தும் வழியறியாது மடிகிறது. நுண்ணுயிர்களால் வேரின் அமைப்பும் மாறுகிறது. தக்கை போன்ற பொருள் மிகுதியாகப் படிந்து, நுழைவாயிலை அடைக்கிறது. அசோஸ்பைரில்லத்தின் சில வகைகள் களைவிதை முளைப்பதைத் தடுப்பதையும் ஆய்வுக்கூடங்களில் முன்னரே கண்டுள்ளனர்.

எனினும், தொட்டியில் கண்ட பலன் எல்லாக் கொல்லைகளிலும் கிட்டுமென்று கொள்வதற்கில்லை. கடையில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் தழைச்சத்துக்காக இடப்படுவது. அதனைச் சுடுமல்லிக்கு மருந்தென எவரேனும் விற்க வந்தால், வேளாண்மை அலுவலரைக் கேளாமல் பணம் கொடுத்தல் கூடாது.

இப்பொழுதே செய்யத்தக்கவை உண்டு. தொழுவுரமும் தழைச்சத்தும் நிலத்தில் குறையாது காத்தல் வேண்டும். பயிர்ச் சுழற்சியில் பருத்தியைச் சேர்ப்பதும் நன்று. அதன் வேர் களைவிதையை முளைக்கச் செய்யும், ஆனால் இடங்கொடாது. ஒருவர் மட்டும் களை பிடுங்கிப் பயனில்லை. அடுத்த கொல்லையின் விதை காற்றிலும் மழைநீரிலும் வந்துவிடும். ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நாள் குறித்து, ஊரார் அனைவரும் ஒருங்கே பூக்குமுன் பிடுங்க ஏற்பாடு செய்யலாம். பூத்துவிட்ட செடிகளை வரப்பில் எறியாமலும் எருக்குழியில் இடாமலும் எரித்துவிட வேண்டும்.