பழம்பொம்மையின் மதிப்பு

வாளையார் வணிகவரிச் சோதனைச் சாவடியில், 2017இல் சரக்கு-சேவை வரி வரும்வரை, சரக்கையும் சீட்டையும் ஒப்பிட்டே வண்டிகளை விடுத்தனர். விஞ்ஞானக் கற்பனைப் பொம்மைகளை மதிப்பிடும் முறையும் அதுவே.

அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 1978இல் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படப் பாத்திரங்கள் 12ஐப் பொம்மைகளாக வெளியிட்டது. அவற்றுள் ஜாவா என்னும் குள்ளப் பொம்மைக்கு முதலில் வினைல் போர்வை அணிவித்தனர்; விரைவில் துணிப்போர்வையாக மாற்றினர். முன்னது அரிது, ஆதலின் விலையும் மிகுதி, போலிகளும் மிகுதி.

நேயர்களே, உறவினர் அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த பழம்பொம்மை உங்கள் இல்லத்தில் இருக்கலாம். மூட்டுகள் தளராதிருக்கின்றனவா, வண்ணம் அசலா, ஆயுதமும் ஆடையும் அதற்குரியனவா, அட்டை உளதா என்று நோக்குக. காலின் பின்புறம் பொறித்திருப்பது பதிப்புரிமை ஆண்டு; உற்பத்தி ஆண்டென மயங்கலாகாது. புதுவண்ணம் பூசற்க, மதிப்புக் குன்றும். ஆராயுமுன் விற்கவும் வேண்டா, எறியவும் வேண்டா.