ஒரு டம்ளர் வெந்நீர்

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் இரவு. ஒன்பது மணி இருக்கும். மறுநாள் சென்னையில் ஒரு கூட்டம். அதற்காகப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். வடக்கே போகும் வண்டிகள் நிற்கும் பக்கம் முழுக்க நம் சனங்கள். அரிசி மூட்டை, பாய், அலுமினியக் குண்டான், பிளாஸ்டிக் குடம் என்று கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் சூளைக்குக் கிளம்பியவர்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டத்துக் காலனிகளில் தை பிறந்தால் பிறக்கிற வழி, திருவள்ளூருக்கும் செங்கல்பட்டுக்கும் போகிற வழிதான். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிக்க, மழைக்காலம் வரும்வரை கல்லறுக்க வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மடியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "எத்தனை மாசம்மா?" என்றேன். "ஒம்பது முடியப் போவுதுக்கா. பால் குடுத்தேன், பத்தல. மாவு கரைச்சிக் குடுத்தா தூங்கிடும்" என்றாள். கையில் அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவுப் பாக்கெட், எவர்சில்வர் டம்ளர், ஸ்பூன் எல்லாம் தயாராக இருந்தன. இல்லாதது வெந்நீர் ஒன்றுதான்.

தாய்மார்கள் பாலூட்டும் அறை என்று பலகை மாட்டிய அறை இருந்தது. பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று நான் விசாரித்ததில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். பத்தடி தூரத்தில் டீக்கடை. பாய்லரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. "அங்க கேட்டா குடுப்பாங்களேம்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க ஊர்த்தெரு ஆளுங்க ரெண்டு பேரு நின்னு டீ குடிக்கிறாங்கக்கா. நான் போயி டம்ளர நீட்டுனா..." அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

டம்ளரை வாங்கிக்கொண்டு நான் போனேன். டீ மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டம்ளரை ஒருமுறை கொதிநீரில் கழுவி, நிறையப் பிடித்துக் கொடுத்தார். காசு கொடுத்தும் வாங்கவில்லை. அவளே போய்க் கேட்டிருந்தாலும் நிச்சயம் கொடுத்திருப்பார். ஆனால் அவள் போகவில்லை. அவள் ஊர் டீக்கடையில் அவளுக்கென்று தனிக் குவளை வைத்திருந்த பழக்கம், ஐம்பது கிலோமீட்டர் தாண்டிப் பேருந்து நிலையம் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. இரட்டைக் குவளை கடையில் மட்டும் இருப்பதில்லை. அது மனத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், கொதிக்கிற தண்ணீர் பத்தடியில் இருந்தும் பிள்ளை பசியில் அழும்.

என் அம்மாவும் அறுவடைக்கு ஊர் ஊராகப் போனவர். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போன காலத்தில், வேலை செய்த ஊரின் கிணற்றில் இறங்க முடியாது. யாராவது ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். "அவங்க ஊத்துற நேரம்தான் உனக்குச் சாப்பாட்டு நேரம்" என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

ஆறு மாதத்துக்குப் பிறகு

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆகவே கைக்குழந்தையோடு பயணம் போகும் தாய்க்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. சிக்கல் ஆறு மாதம் நிறைந்த பிறகுதான். தாய்ப்பாலோடு இணை உணவும் தர வேண்டும். இரண்டு வயது வரையிலும் அதற்குப் பிறகும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை. பிள்ளை சரியாக வளர்கிறதா, குன்றிப் போகிறதா என்பது பெரும்பாலும் இந்த ஒன்றரை வருடத்தில் தீர்மானமாகிவிடும்.

தமிழ் இலக்கியத்தில் குழந்தைக்கென்றே பிள்ளைத்தமிழ் இருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டில் வருகை என்று பருவம் பருவமாகப் பாடுவார்கள். வழக்கமாகப் பாடப்படும் பத்துப் பருவங்களில் சோறூட்டும் பருவம் என்று ஒன்று இல்லை. பாட்டுடைத் தலைவர்களின் வீட்டில் அது ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது. நம் வீடுகளில் சப்பாணி கொட்டும் வயதுப் பிள்ளைதான் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் லாரியிலும் பேருந்திலும் போகிறது.

வழியில் என்ன கொடுக்கலாம்?

பயணத்தில் நம் தாய்மார்கள் அதிகம் கொடுப்பது டீயில் நனைத்த பொறையும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும். வேறு வழியில்லாமல்தான் கொடுக்கிறார்கள். ஆனால் டீ, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தசோகை உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு அது இன்னும் கெடுதல். அதைவிடச் செலவு குறைந்த நல்ல வழிகள் உண்டு.

கிளம்புவதற்கு முன்பே புழுங்கலரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து, அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் எடுத்துக்கொள்ளலாம். பொட்டுக்கடலை மாவும் நல்லது. அங்கன்வாடிச் சத்துமாவு கையிருப்பில் இருந்தால் அதுவே போதும். வீட்டில் அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதுதான் சரி. வழியில் கொதிக்கக் கொதிக்க வாங்கிய வெந்நீரில் குழைத்துச் சற்று நேரம் மூடி வைத்துக் கொடுக்கலாம். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் இருக்க வேண்டும். வாழைப்பழம் தோலே உறையாக வருகிற உணவு. கையைக் கழுவிவிட்டு மசித்துக் கொடுத்தால் போதும். காலையில் வேகவைத்த முட்டையை ஓடு உரிக்காமல் எடுத்துப்போய், அன்று காலைக்குள்ளேயே கொடுத்துவிடலாம்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, பால் புட்டி வேண்டாம். ஓடும் பயணத்தில் அதன் ரப்பரைக் கொதிக்கவைத்துக் கழுவ முடியாது. வயிற்றுப்போக்குக்கு அதுவே வாசல். டம்ளரும் ஸ்பூனும் கழுவ எளிது. இரண்டு, குழைத்த கஞ்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து திரும்பக் கொடுக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை, அதன் உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அதோடு துத்தநாக மாத்திரை 14 நாள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கிளம்பும்போதே கேட்டு வாங்கி மூட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

இந்த யோசனைகள் எல்லாம் ஓர் இரவுக்குப் போதும். ஐந்தாறு மாதத்துக்குப் போதாது. சூளையில் நள்ளிரவுக்குப் பிறகு எழுந்து, வெயில் ஏறும்வரை கல்லறுக்கிறார்கள். பிள்ளை மண் குவியலுக்குப் பக்கத்தில் சேலைத் தூளியில் கிடக்கும். பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்கா. தங்கச்சிக்குக் கஞ்சி ஊட்டுவதற்காகவே அந்த அக்காவின் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. சூளை ஊருக்கு வெளியே, அங்கன்வாடி ஊருக்குள்ளே. மாவுப் பாக்கெட் தீர்ந்த பிறகு வாங்க இடமில்லை. சொந்த ஊர் மையத்தில், பிள்ளை வெளியூர் போய்விட்டது என்று பங்கு நின்றுவிடுகிறது. இங்கே, இந்த ஊர்ப் பிள்ளை இல்லை என்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் அந்தக் குழந்தை எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனால் சட்டத்தின் கணக்கில் அந்தக் குழந்தை இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி மூலம் இலவச உணவை உரிமையாக்கியது. அதற்கு முன்பே, 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டது. பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி விரைவாக அமைக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். அங்கன்வாடிப் பதிவுகள் இப்போது போஷன் டிராக்கர் செயலியில் இருக்கின்றன. ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்குப் பெயரை மாற்றும் வசதியும் அதில் உண்டு. ஆகவே, "இந்த ஊர்ப் பிள்ளை இல்லை" என்று சொல்வதற்கு யாருக்கும் நியாயம் இல்லை.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. சூளையில் கூலி ஜோடிக் கணக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணவன் பெயரில் எழுதுவார்கள். சரிபாதி உழைத்த பெண்ணின் பெயர் நோட்டில் இருக்காது. பெண்கள் இத்தனை பேருக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பெயரே இல்லாத பெண்களை யார் எண்ணுவது?

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய ஆண்டுதான் மகாத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இரண்டையும் தனித்தனிப் போராட்டமாகவே நான் படித்து வந்தேன். தாயின் உரிமை வேறு, தண்ணீரின் உரிமை வேறு என்று நினைத்தேன். அந்த இரவு, கையில் மாவை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்கத் தயங்கிய பெண்ணைப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கியது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறை இரவிலும் திறந்திருக்க வேண்டும். சாவி யாரிடம் என்பதைக் கதவிலேயே எழுதி வைக்க வேண்டும். உள்ளே ஒரு வெந்நீர்க் குழாய் வேண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் பிடித்துக்கொள்ளலாம். தை மாதம் கிளம்பும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கன்வாடிப் பணியாளர் மாவைக் கொடுத்து, பெயரையும் மாற்றி அனுப்ப வேண்டும். சூளைகள் உள்ள ஒன்றியங்களில் அந்த ஆறு மாதத்துக்கேனும் சூளைக்கே மையம் வர வேண்டும். நம் தோழர்கள் கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். ஊரைவிட்டுப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: டம்ளரை நீட்டிக் கேளுங்கள். பேருந்து நிலையம் யாருடைய தெருவும் அல்ல.

அந்த இரவு குழந்தை முக்கால் டம்ளர் மாவைச் சாப்பிட்டுவிட்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பேருந்து வந்துவிட்டது. மீந்ததை வைத்திருந்து பிறகு கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, டம்ளரைக் கழுவி மூட்டையில் செருகினாள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன். "இப்பதாங்க்கா" என்றாள், படியேறிக்கொண்டே.