இங்கிலிஷ் காற்பந்தில் அமெரிக்கர்கள் இருக்கிறார்கள்... சிங்கப்பூரர்கள் ஏன் இல்லை?

சனிக்கிழமை இரவு 10 மணி. பாசிர் ரிஸ்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். மேசையில் பரோட்டா, தே தாரிக். திரையில் ஃபுல்ஹம் குழுவின் ஆட்டம். இடப்பக்கம் ஒருவர் நிற்காமல் ஓடுகிறார். அன்டனி ராபின்சன், அமெரிக்கத் தேசிய அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்.

"அமெரிக்கர்களுக்குப் பந்தைக் கையால பிடிக்கத்தான் தெரியும்," என்று ஒரு நண்பர் ஆரம்பிப்பார்.

"முதலாளி அமெரிக்கர், அதான் எடுத்திருக்காங்க," என்பார் இன்னொருவர்.

மூன்றாமவர் கேட்பார்: "அதெல்லாம் இருக்கட்டும். நம்ம ஆள் ஒருத்தர்கூட ஏன் அங்க இல்ல?"

முதல் இரண்டு கருத்துகளில் எவ்வளவு உண்மை? மூன்றாவது கேள்விக்கு என்ன பதில்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருத்து 1: "அமெரிக்கர்கள் கோல்காப்பாளர்கள் மட்டும்தான்"

ஒரு காலத்தில் இது பாதி உண்மை.

கேசி கெல்லர் 1997இல் லெஸ்டர் சிட்டியுடன் லீக் கிண்ணத்தை வென்றார். டிம் ஹாவர்ட் 2003இல் மென்செஸ்டர் யுனைட்டெட்டில் சேர்ந்தார். பிறகு எவர்ட்டனில் 10 ஆண்டு. பிராட் ஃப்ரீடல் பிரிமியர் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் ஆடினார். 2004 முதல் 2012 வரை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அது இன்னும் சாதனையாகவே இருக்கிறது.

ஏன் கோல்காப்பாளர்கள்? கூடைப்பந்து, பேஸ்பால் ஆடி வளர்வதால் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கை வேகம் அதிகம் என்று பலர் சொல்வதுண்டு. ஹாவர்ட், ஃப்ரீடல் இருவருமே பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர்கள்தான்.

ஆனால் பிரிமியர் லீக்கில் ஆடிய முதல் அமெரிக்கர் கோல்காப்பாளர் இல்லை. ஷெஃபீல்ட் வென்ஸ்டே குழுவின் ஜான் ஹார்க்ஸ், திடல் நடு ஆட்டக்காரர். 1993 லீக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்சனலுக்கு எதிராக கோல் போட்டவர்.

கிளின்ட் டெம்ப்சியை மறக்கவே முடியாது. ஃபுல்ஹமுக்கும் டோட்டன்ஹேமுக்கும் சேர்த்து பிரிமியர் லீக்கில் 57 கோல். அதில் 17 கோல் 2011-12 பருவத்தில் மட்டும். அவருக்கு முன்பு ஃபுல்ஹமில் ஆடிய பிரையன் மெக்பிரைடின் பெயரில் அந்தக் குழுவின் அரங்கில் ஒரு மதுக்கூடமே இருக்கிறது.

அண்மைய உதாரணம் கிறிஸ் ரிச்சர்ட்ஸ். 2025 எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் மென்செஸ்டர் சிட்டியை 1-0 எனத் தோற்கடித்த கிரிஸ்டல் பேலஸின் தற்காப்பில் இருந்தவர்.

ஆக, இந்தக் கருத்து காலாவதி ஆகிவிட்டது.

கருத்து 2: "முதலாளிகள் அமெரிக்கர்கள், அதனால்தான்"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மென்செஸ்டர் யுனைட்டெட், ஆர்சனல், லிவர்ப்பூல், செல்சி என்று பல குழுக்களில் அமெரிக்க முதலீடு இருக்கிறது.

ஆனால் கிறிஸ்டியன் புலிசிச்சைப் பாருங்கள். 2019இல் சுமார் 58 மில்லியன் பவுண்டுக்கு செல்சி அவரை வாங்கியபோது குழுவின் உரிமையாளர் ரஷ்யரான ரோமன் அப்ரமோவிச். 2022இல் அமெரிக்கர்கள் குழுவை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே புலிசிச் ஏசி மிலானுக்கு விற்கப்பட்டார்!

மெக்பிரைடும் டெம்ப்சியும் ஃபுல்ஹமுக்கு வந்தபோது அதன் உரிமையாளர் எகிப்தியரான முகமது அல் ஃபாயத். ஹார்க்ஸ் காலத்தில் அமெரிக்க முதலாளி என்ற பேச்சே இல்லை.

லீட்ஸ் யுனைட்டெட் வேண்டுமானால் இந்தக் கருத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். 2022-23 பருவத்தில் அங்கு அமெரிக்கப் பயிற்றுநர் ஜெஸ்ஸி மார்ஷ். டைலர் ஆடம்ஸ், பிரெண்டன் ஆரன்சன், வெஸ்டன் மெக்கென்னி என்று மூன்று அமெரிக்க ஆட்டக்காரர்கள். குழுவில் அமெரிக்க முதலீட்டாளர்களுக்குப் பங்கும் இருந்தது. முடிவு? பிப்ரவரியில் மார்ஷ் நீக்கப்பட்டார், பருவ முடிவில் லீட்ஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

அந்த ஆண்டு "அமெரிக்கர்களுக்கு இது சரிவராது" என்று சொல்லாத ரசிகர் குறைவு. ஆனால் ஆடம்ஸ் அதே ஆண்டு இன்னொரு பிரிமியர் லீக் குழுவான போர்ன்மத்துக்குப் போனார். ஒரு குழு சறுக்கியதை வைத்து ஒரு நாட்டையே எடைபோடக்கூடாது, இல்லையா?

திறமைக்கு முன்னால் ஒரு தாள்

இப்போது மூன்றாவது நண்பரின் கேள்வி. பலரும் "நமக்குத் திறமை போதாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதுவும் ஒரு காரணம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் திறமையைப் பார்ப்பதற்கு முன்பே இங்கிலாந்து ஒரு தாளைக் கேட்கும். அதுதான் வேலை அனுமதி.

2021 முதல் அது புள்ளி முறையில் நடக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர் 15 புள்ளி எடுக்கவேண்டும். எதற்கெல்லாம் புள்ளி?

- தேசிய அணியின் ஆட்டங்களில் எத்தனை விழுக்காடு ஆடினார்
- அந்த நாடு ஃபிஃபா தரவரிசையில் எங்கே இருக்கிறது
- இப்போது ஆடும் லீக் எவ்வளவு வலுவானது
- அங்கே எவ்வளவு நேரம் திடலில் இருந்தார்

முதல் 50 நாடுகளில் ஒன்றின் தேசிய அணியில் தொடர்ந்து ஆடுபவருக்கு அனுமதி தானாகவே கிடைத்துவிடும். அமெரிக்கா அண்மை ஆண்டுகளில் முதல் 20 இடங்களை ஒட்டியே இருக்கிறது. சிங்கப்பூர்? 150ஆம் இடத்தை ஒட்டி, அல்லது அதற்கும் கீழே.

புரிகிறதா? ஒரே திறமையுள்ள இரண்டு பேர் வரிசையில் நின்றாலும் ஒருவர் கையில் நுழைவுச்சீட்டு இருக்கும், இன்னொருவர் கையில் இருக்காது.

இந்தச் சுவரில் மோதியவர்கள் பலர். இந்திய அணியின் நட்சத்திரம் சுனில் சேத்ரி 2009இல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் குழுவோடு ஒப்பந்தம் செய்தார். அன்றைய விதிப்படி நாடு முதல் 70 இடங்களுக்குள் இருக்கவேண்டும். இந்தியா இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது.

அமெரிக்கர்களும் தப்பவில்லை. 310 ஆட்டச் சாதனையாளர் ஃப்ரீடலுக்கே 1990களில் பலமுறை அனுமதி கிடைக்கவில்லை. டென்மார்க், துருக்கி என்று சுற்றி, தாயக லீக்கிலும் ஆடி, 1997 இறுதியில்தான் லிவர்ப்பூலுக்குள் நுழைந்தார்.

18 வயது என்ற முட்டுச்சந்து

தரவரிசை ஒரு பக்கம். வயது இன்னொரு பக்கம்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நாடு விட்டு நாடு மாற்றிச் சேர்க்க ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான் அந்த விதி. சில விலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம் என்பது அதில் ஒன்று.

புலிசிச் அமெரிக்காவில் பிறந்தவர். அப்படியென்றால் பதின்ம வயதிலேயே ஜெர்மனியின் டோர்ட்முண்ட் குழுவுக்கு ஆட எப்படி முடிந்தது? அவருடைய தாத்தா குரோஷியாவில் பிறந்தவர். அதனால் பேரனுக்குக் குரோஷியக் கடப்பிதழ் கிடைத்தது. 17 வயதில் டோர்ட்முண்டின் முதன்மை அணியில் இறங்கிவிட்டார். 2021இல் செல்சியோடு சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்றார்.

இப்போது பாசிர் ரிஸ்ஸில் வளரும் 16 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். திறமை இருக்கிறது. ஆனால் 18 வயது வரை ஃபிஃபா பொறுத்திரு என்கிறது. 18 வந்ததும் தேசிய சேவை வா என்கிறது. முழுநேரச் சேவை சுமார் 2 ஆண்டு. இளையர் அணியிலிருந்து நிபுணத்துவ அணிக்குத் தாவவேண்டிய வயதும் சரியாக அதுதான்.

வெளியே கதவு திறக்கும் அதே நேரத்தில் உள்ளே கடமை கூப்பிடுகிறது. அமெரிக்காவில் வளரும் பையனுக்கு இந்த இரண்டாவது அழைப்பே இல்லை.

பென் டேவிஸ் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா?

இந்த முட்டுச்சந்தை நாடே பார்த்தது 2018இல். சிங்கப்பூரரான பென் டேவிஸ் அந்த ஜூலையில் ஃபுல்ஹமுடன் 2 ஆண்டு நிபுணத்துவ ஒப்பந்தம் செய்தார். ஃபுல்ஹம் அப்போதுதான் பிரிமியர் லீக்குக்கு உயர்ந்திருந்தது. அப்படிப்பட்ட இங்கிலிஷ் குழுவோடு ஒப்பந்தம் செய்த முதல் சிங்கப்பூரர் அவர். மெக்பிரைடும் டெம்ப்சியும் பெயர் வாங்கிய அதே குழு!

அவர் தேசிய சேவையை ஒத்திவைக்கக் கேட்டார். தற்காப்பு அமைச்சு மறுத்தது. ஒலிம்பிக் போன்ற அனைத்துலகப் போட்டிகளில் சிங்கப்பூரைப் பிரதிநிதித்துப் பதக்கம் வெல்லக்கூடியவர்களுக்கே ஒத்திவைப்பு என்பது அதன் நிலைப்பாடு. வெளிநாட்டுக் குழுவுக்கு ஆடுவது தனிப்பட்ட விருப்பம் என்றது. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் ஒத்திவைப்பு பெற்றவர்கள் 3 பேர்தான்: நீச்சல் வீரர்கள் ஜோசஃப் ஸ்கூலிங், குவா செங் வென், படகோட்டி மேக்ஸிமிலியன் சோ.

அப்போதைய தற்காப்பு அமைச்சர் டாக்டர் இங் எங் ஹென் நாடாளுமன்றத்திலும் விளக்கம் கொடுத்தார். 2019இல் டேவிஸ் சேவைக்கு வரவில்லை என்பதை அமைச்சு உறுதிசெய்தது. பின்னர் அவர் தாய்லந்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடினார்.

மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "எத்தனை வருஷத்துக்கு ஒருத்தர் இப்படி வருவார்? விட்டிருக்கலாமே," என்றது ஒரு பக்கம். "என் மகனும்தான் 2 வருஷம் கொடுத்தான். அவனுக்கும் கனவு இருந்ததே," என்றது இன்னொரு பக்கம்.

இரண்டையும் நேர்மையாகக் கேட்டுப் பார்க்கவேண்டும். காற்பந்து ஆட்டக்காரருக்கு விலக்கு என்றால், இசைக் கலைஞருக்கும் சமையல் கலைஞருக்கும் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். விலக்கே கிடையாது என்றால், அதன் விலையைக் காற்பந்து கொடுக்கும். எந்தப் பக்கம் நின்றாலும் ஓர் இழப்பு இருக்கிறது.

தாத்தா வழிக் கடப்பிதழ்

அமெரிக்கா இன்னொரு வழியையும் நன்றாகப் பயன்படுத்துகிறது. அதுதான் இரட்டைக் குடியுரிமை.

தொடக்கத்தில் பார்த்த ராபின்சன் பிறந்ததே இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில். தந்தை வழியாக அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை. ஃபொலாரின் பலோகன் பிறந்தது நியூயார்க்கில், வளர்ந்தது லண்டனில், ஆர்சனல் இளையர் அணியில். 2023இல் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார். ஆக, நீங்கள் பார்க்கும் 'அமெரிக்கர்' சிலரை உருவாக்கியது இங்கிலாந்தேதான்.

நமக்கும் அப்படி ஒருவர் உண்டு. கார்டிஃப் சிட்டியின் பெர்ரி இங். லிவர்ப்பூலில் பிறந்தவர். தாத்தா சிங்கப்பூரில் பிறந்தவர். சிங்கப்பூருக்கு ஆட விருப்பம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஃபிஃபா விதியில் தாத்தா பிறந்த இடம் செல்லும். ஆனால் முதலில் குடிமகனாக வேண்டும். சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் கடப்பிதழைக் கைவிட்டால், இங்கிலாந்தில் ஆட அவருக்கே வேலை அனுமதி தேவைப்படும். நம்முடைய தரவரிசையை வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய பந்தயம் என்று தெரியும்.

அப்படியென்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. நேர்வழி இல்லை, சுற்றுவழி.

ஃபாண்டி அகமது 1983இல் நெதர்லந்தின் குரோனிங்கனுக்குப் போனார். இன்டர் மிலானுக்கு எதிராக கோலும் போட்டார். நம் வி. சுந்தரமூர்த்தி 1980களின் இறுதியில் சுவிட்சர்லந்தின் பாசல் குழுவில் ஆடினார். இருவரும் 20 வயதைத் தாண்டிய பிறகு போனவர்கள்.

இன்றைக்கு ஆசியர்கள் பலர் எடுக்கும் வழியும் அதுவே. ஜப்பானின் கௌரு மிட்டோமாவை பிரைட்டன் 2021இல் வாங்கியபோது அவர் 24 வயதுப் பட்டதாரி. வேலை அனுமதிக்கான புள்ளி போதவில்லை. ஓராண்டு பெல்ஜியத்தில் ஆடிவிட்டுத்தான் இங்கிலாந்து வந்தார். 2023 முதல் புள்ளி குறைந்தவர்களையும் சேர்க்க ஒவ்வொரு குழுவுக்கும் சில இடங்கள் கிடைக்கின்றன. பிரிமியர் லீக்கில் அதிகபட்சம் 4.

தேசிய அணியின் ஒவ்வொரு வெற்றியும் இங்கேதான் கணக்கில் வருகிறது. 2025 நவம்பரில் சிங்கப்பூர் ஹாங்காங்கை 2-1 என வென்று, தகுதிச்சுற்று வழியாக முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. தரவரிசை ஏற ஏற, அடுத்து போகும் ஆட்டக்காரரின் விண்ணப்பம் கொஞ்சம் கனமாகும். "லயன்ஸ் ஆட்டத்தை யார் பாக்கறது" என்று பிரிமியர் லீக்குக்கு மட்டும் விழித்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

அமெரிக்கர்களுக்குக் கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. ஹார்க்ஸிலிருந்து புலிசிச் வரை ஏறக்குறைய 30 ஆண்டு. அவர்களிடம் தரவரிசை இருந்தது, தாத்தா வழிக் கடப்பிதழ் இருந்தது, 18 வயதில் பயிற்சியை நிறுத்தவேண்டிய கட்டாயமும் இல்லை. நம்மிடம் இந்த மூன்றும் இல்லை. முதலாவதைத் திடலில் மாற்றலாம். மற்ற இரண்டையும் மாற்றவேண்டுமா என்பது காற்பந்து ரசிகர்கள் மட்டும் முடிவு செய்யும் விஷயம் இல்லை. தேசிய சேவைக்குப் போகப்போகும் நீங்களும், மகனை அனுப்பிவைக்கும் உங்கள் அம்மா அப்பாவும் சேர்ந்து பேசவேண்டியது.