கோடை ஓய்வில் சேதுக் கரைக்கு இரண்டு நாள்

மிளகாயின் கடைசிப் பறிப்பு முடிந்து, வத்தல் களத்தை விட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி விவசாயிக்குக் கையில் வேலை குறைந்துவிடுகிறது. நெல் அறுவடை தை, மாசியிலேயே முடிந்திருக்கும். கோடை மழை ஒன்றிரண்டு கிடைத்தால் ஓர் உழவு. பிறகு ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு நிலம் தயாராகும் வரை இடைவெளிதான். இந்த நாட்களில் வெளியூருக்குக் கூலி வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு; ஊர்ச் சாவடியிலேயே பொழுதைக் கழிப்பவர்களும் உண்டு. ஆனால் பஸ் ஏறினால் ஓரிரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய கடற்கரையை, ஒரு விவசாயியின் கண்ணோடு போய்ப் பார்த்து வந்தவர்கள் குறைவு. ராமேசுவரம் போயிருப்பார்கள், அமாவாசைக் கூட்டத்தில் நீராடிவிட்டு, அன்று மாலையே திரும்பியிருப்பார்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு கரிப்பு ஏறி வருகிறதே, இன்னும் நூறு அடி ஆழ்துளை இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், கடன் வாங்கும் முன் இந்தப் பயணத்தை ஒரு முறை செய்து வருவது நலம். அதற்கு வைகாசி மாதம் ஏற்றது. அமாவாசை நாட்களைத் தவிர்த்தால் கூட்டம் இருக்காது. பதநீரும் நுங்கும் வழியெங்கும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் படகுகள் கரையில் நிற்கும். மீனவர்கள் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடல்காரருக்கும் அது ஓய்வுக் காலம், பேச நேரம் இருக்கும்.

முதல் நாள்: மரமும் குளமும்

ராமநாதபுரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் உத்தரகோசமங்கை. மரகத நடராசரைத் தரிசிக்க வருபவர்களே பெரும்பாலும் அங்கே வருகிறார்கள். தலமரமான இலந்தையையும் நின்று பார்க்க வேண்டும். வேறு எதுவும் தாங்காத வறட்சியைத் தாங்கி நிற்கும் மரம் இலந்தை. வேலி ஓரத்துக் காட்டு இலந்தையைத் தரையை ஒட்டி வெட்டிவிட்டு, துளிர்த்து வரும் தளிரில் நல்ல இரகத்தின் மொட்டை ஒட்டுக்கட்டிப் பழமரமாக்கலாம். தண்ணீர் இல்லை என்று தரிசாகக் கிடக்கும் வரப்போரங்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி வேறு இல்லை. சிவன் கோயில்களில் விலக்கப்பட்ட தாழம்பூ இக்கோயிலில் சாத்தப்படுகிறது என்பதும் தெரிந்த செய்தி. தாழை, ஓடைக் கரையையும் கடற்கரை மணலையும் பிடித்து நிறுத்தும் செடி.

அங்கிருந்து திருப்புல்லாணி. ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலும் அதன் குளமும் அரசமரமும் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் சேதுக்கரை கடலையும் பார்க்கலாம். பிற்பகலில் ராமநாதபுரம் அரண்மனை. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இன்றும் உள்ளன. சேதுபதிகள் கட்டிய கோட்டையைவிட அவர்கள் காலத்துச் சத்திரங்களும் ஊருணிகளுமே ஒரு விவசாயி ஊன்றிக் கவனிக்க வேண்டியவை. ராமேசுவரத்துக்கு நடந்து போன யாத்திரிகர்களுக்குத் தண்ணீரும் நிழலும் கொடுத்தவை அவை. நகருக்குள் இன்னமும் பல ஊருணிகள் இருக்கின்றன. சில நன்றாகவும், சில பார்க்கச் சகிக்காமலும்.

ஏர்வாடி தர்காவுக்கும் தேவிபட்டினத்துக்கும் போக விரும்புகிறவர்கள் அவற்றை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால் பஸ்சில் உட்கார்ந்திருப்பதே பயணமாகிவிடும்.

தங்கச்சிமடத்து நாற்று

மறுநாள் விடியற்காலையில் புறப்பட வேண்டும். உச்சிப்புளியைத் தாண்டினால் இருபுறமும் மணலும் தென்னையும்தான். பாம்பன் பாலத்தின் மேல் பஸ் போகும்போது 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் தெரியும். 1988-ல் இந்தச் சாலைப் பாலம் வரும் வரை தீவுக்கு ரயிலே வழி.

பாலத்தைக் கடந்தால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். சகோதரிகள் இருவர் பெயரால் எழுந்த மடங்கள் என்று ஊரார் சொல்வார்கள். மல்லிகை பயிரிடுவோருக்கு இந்தப் பெயர் நன்றாகப் பழக்கமானது. மதுரை வட்டாரத்துக் கொல்லைகள் பலவற்றில் பூக்கும் குண்டுமல்லியின் நாற்று இங்கிருந்து போனதுதான். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அதன் வேர் இந்தத் தீவின் மணலில் இருக்கிறது. 2023-ல் அதே குறியீடு பெற்ற முண்டு மிளகாய்க்கு இந்த மாவட்டத்தின் பெயர் இருக்கிறது. மல்லிகைக்கு அந்தப் பேறு இல்லை.

தென்னை நிழலில் மணற்பாத்தி அமைத்து, மல்லிகைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி வேர்விடச் செய்கிறார்கள். மணலில் காற்றோட்டம் உண்டு, தண்ணீர் தேங்குவதில்லை. குச்சி அழுகாமல் வேர் பிடிக்கிறது. பிடுங்கும்போதும் வேர் அறுபடாமல் வருகிறது. தண்ணீர் எடுப்பது பாத்தி ஓரத்தில் தோண்டிய ஊற்றுக்குழியிலிருந்து. குனிந்து மொண்டால் குடம் நிறையும் ஆழத்தில் நீர் நிற்கிறது. அதை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் கடல் இருக்க, குழியில் நல்ல தண்ணீர்!

உப்பின் மேல் மிதக்கும் நல்ல நீர்

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர் கடல் நீரைவிடச் சற்று எடை குறைந்தது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் நிற்கும் உப்பு நீரோடு உடனே கலந்துவிடாமல், பாலின் மேல் ஆடை போல மிதந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ஒருவரும், அதையடுத்து ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவரும் தங்கள் நாட்டுக் கடற்கரைகளில் ஆராய்ந்து இதற்கு ஒரு கணக்கும் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். மேலே ஓர் அடியை இறைத்து இறக்கிவிட்டால், அடியிலுள்ள உப்பு நாளடைவில் 40 அடி மேலேறி வரும் என்பதும் அதே கணக்குத்தான். ஆழ்துளைக்குள் மோட்டாரை இறக்கி விடிய விடிய இறைத்தால், குழாய்க்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல எழும்பி வருகிறது. ஒரு முறை ஏறிய உப்பைக் கழுவித் தள்ள எத்தனையோ மழைக்காலம் வேண்டும்.

ராமேசுவரம் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களை இந்த எண்ணத்தோடு பார்த்தால் வியப்பு கூடும். கடலுக்கு அருகிலேயே, மணல் தீவில், கைவாளியால் மொண்டு தலையில் ஊற்றிவந்த கிணறுகள் அவை. கோயில் நந்தவனங்களுக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் தண்ணீர்: மனிதன் இறைக்கும் அளவு, அதற்குமேல் இல்லை. இரவில் ஊறியது பகலுக்குப் போதும். அரளியும் நந்தியாவட்டையும் துளசியும் அந்தச் சிக்கனத்தில் பூத்தன. தங்கச்சிமடம் கடலோரத்து வில்லூண்டி தீர்த்தமும் கடலுக்குள்ளேயே நல்ல நீர் சுரக்கும் இடமாகப் பெயர் பெற்றது. ராமர் வில்லை ஊன்றியதால் வந்தது என்பார்கள். நிலத்தடியில் நல்ல நீர் கடலை நோக்கி நகர்ந்து வந்து அங்கே வெளிப்படுகிறது என்பது நீரியல் தரும் விளக்கம். ஒன்றை நம்புவதற்கு மற்றொன்றை மறுக்க வேண்டியதில்லை.

இன்னும் தெற்கே தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலும் கடலும் ஊரை அழித்தன. தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இருபுறமும் கடல் தெரியும் அந்த மணல் நாக்கில் வாழும் மீனவக் குடும்பங்கள், கையால் மணலைத் தோண்டியே குடிநீர் எடுத்து வந்திருக்கிறார்கள். அங்கே மணல்மேட்டின் மேல் முள் உருண்டை போலக் காற்றில் உருளும் இராவணன் மீசைப் புல்லையும், ஊதாப் பூப் பூக்கும் அடப்பங்கொடியையும் மிதிக்காமல் நடப்பது நல்லது. மணல்மேட்டைக் கட்டி வைத்திருப்பவை அவை. மேடு இருந்தால்தான் மழைநீர் தங்கும்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசியைத் தென்னைக்கு எருவாக இடுவது இந்தக் கரையோரத்துப் பழைய வழக்கம். மழையில் உப்புக் கழிந்த பிறகே குழியில் போட வேண்டும். பவளப்பாறையை எடுத்து வருவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

வாங்கும் முன்

நாற்று வாங்குவதானால் திரும்பும் வழியில் வாங்கலாம். ஆனால் கரிசலில் நடுவதற்காக யாரும் வாங்க வேண்டாம். மல்லிகை தண்ணீர் தேங்குவதைப் பொறுக்காது. அடைமழையில் வேர் அழுகிவிடும். செவல் அல்லது மணல் கலந்த நிலமும் கரிப்பில்லாத கிணறும் உள்ளவர்கள் பத்து சென்டில் தொடங்கிப் பார்க்கலாம். நான்கடிக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 1.25 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் பத்து சென்டுக்கு ஏறக்குறைய 260 செடிகள். ஓர் அடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து, குழிக்குப் பத்துக் கிலோ மட்கிய தொழு உரம். வளர்ந்த செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120 கிராம். கார்த்திகையில் அரை மீட்டர் உயரத்தில் கவாத்து செய்தபின் பாதி, ஆனி ஆடியில் பாதி. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இலை வெளுத்தால் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிக்க வேண்டும்.

நட்ட ஆண்டில் வருமானத்தை எதிர்பார்க்கக் கூடாது. பூ வரும் பங்குனி முதல் ஆடி வரை, விடியுமுன் மொட்டெடுக்க வீட்டில் இரண்டு பேராவது வேண்டும்; கூலிக்கு ஆள் வைத்தால், விலை விழும் நாளில் பூ விற்ற காசு கூலிக்கே போய்விடும். நாற்றைக் கையில் எடுத்து வேரைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. நாற்றோடு சேர்த்து அதையும் நிலத்துக்குக் கொண்டுவந்ததாகிவிடும். நல்ல கட்டை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்சில் வெயில் படாத பக்கம் வைத்து, ஊர் வந்ததும் நிழலில் மணல் குவித்து ஊன்றி வைக்கலாம். மழை தொடங்கியதும் நடவு.

கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்துக் களிமண் நிலங்களில் ஆழத்தில் கிடைக்கும் உப்புத் தண்ணீருக்கு இன்றைய கடல் காரணமில்லை. என்றைக்கோ படிந்த உப்பு மண்ணடுக்கிலேயே இருக்கிறது. அங்கே 40 அடிக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஆழம் போகப் போகக் கரிப்பு கூடும் ஆபத்து அங்கேயும் உண்டு. ஆகவே ஊர் திரும்பியதும் முதல் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கழுவிய பாட்டிலில் அரை லிட்டர் பிடிக்க வேண்டும். கரிப்பு உச்சத்தில் இருக்கும் வைகாசியில் ஒரு மாதிரி, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு மாதிரி. பாட்டிலின் மேல் விவசாயியின் பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால், மல்லிகைக்கு ஆகுமா, தென்னைக்கு மட்டும் ஆகுமா என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சீட்டு கைக்கு வரும் வரை ஆழ்துளை வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.